ஓடிக் கெட்ட பிரேக்கைவிட நின்று கெட்ட பிரேக்தான் அதிகம்

பத்து வருடம் ஷெட்டுக்குள் நின்ற எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குகிறவர் முதலில் கை வைப்பது என்ஜினில்தான். புது பேட்டரி, புது பெட்ரோல், நாலு ஸ்பார்க் பிளக், கார்புரேட்டரைக் கழற்றி ஒரு துடைப்பு. அந்த 1,798 சிசி என்ஜின் ஒரு மதியத்துக்குள் இருமிக்கொண்டே எழுந்துவிடும். அப்புறம் பிரேக் பெடலை மிதித்துப் பார்ப்பார். கல் மாதிரி இருக்கும். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து இறங்கினால், முன்சக்கரம் ஒன்றிலிருந்து கருகல் வாடை வரும். பிடித்த பிரேக் விடவே இல்லை.

பெடல் கல் மாதிரி இருந்தது பிரேக் நல்ல நிலையில் இருந்ததால் அல்ல. உள்ளே நகர வேண்டியது நகராமல் துருவேறி நின்றதால். ஓடுகிற காரில் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தேயும், அதை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயும். அவை தேய்வதற்கென்றே செய்தவை, கண்ணால் பார்த்தாலே தெரியும், மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. நிற்கிற காரில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத இடங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பதே பெரும்பாலும் நிற்கிற கார்தான்: இங்கிலாந்தில் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வரும், அக்டோபர் வந்தால் போர்வைக்குள் போய்விடும்.

எம்.ஜி. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வேறு எழுத்துகள். இது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற கார் வியாபாரக் கடையின் முதலெழுத்துகள். இன்று நம் சாலைகளில் ஓடும் ஹெக்டர் காரின் மூக்கில் இருக்கும் எண்கோண முத்திரை அங்கிருந்து வந்ததுதான், கம்பெனி கை மாறிச் சீனா போய்விட்டாலும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற சிற்றூரில் தயாரானது, கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை, 1988 முதல் புதிய உடற்கூடே முழுசாகக் கிடைக்கிறது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு இந்தக் காரை எடுத்துக்கொண்டது அதற்காகத்தான். ஒரு ஃபெராரிக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது, அவரிடம் இருப்பதைச் சரி செய்தாக வேண்டும். எம்ஜிபிக்காரருக்கு எல்லாமே புதிதாகக் கிடைக்கும் என்பதால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார், அதிலும் சிக்கல் இருக்கிறது.

முன்சக்கரங்களில் 10¾ அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம், அதாவது உள்ளிருந்து ஷூ விரிந்து அழுத்தும் கிண்ணம். அந்தக் காலத்து நடுத்தர விலை ஸ்போர்ட்ஸ் காருக்கு இது தாராளம். டிஸ்க் பிரேக்கை ரேஸில் நிரூபித்தது டன்லப்பும் ஜாகுவாரும் சேர்ந்து: 1952இல் ரீம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் டிஸ்க் பூட்டிய சி-டைப் காரை ஓட்டி ஜெயித்தார், அடுத்த வருடம் 24 மணி நேர லெ மான் பந்தயத்தையும் டிஸ்க் வைத்த சி-டைப்தான் ஜெயித்தது. 1956இல் டிரையம்ஃப் டிஆர்3, 1959இல் எம்ஜிபியின் அண்ணனான எம்ஜிஏ 1600 என்று சாதாரண ஆள் வாங்கக்கூடிய கார்களுக்கு அது இறங்கி வந்தது. காரணம் சூடு. இரண்டு பேர் உட்கார்ந்த எம்ஜிபி கிட்டத்தட்ட ஒரு டன். அது 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 400 கிலோஜூல், அதாவது ஒரு லிட்டருக்கும் மேலான பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. ஒரு தடவை முழுசாக நிறுத்தினால் அவ்வளவும் சில விநாடிகளில் இரும்புக்குள் இறங்குகிறது. டிரம் அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், டிஸ்க் காற்றில் விட்டுவிடும். ஆனால் காற்றுக்குத் திறந்திருப்பது மழைக்கும் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க இங்கிலாந்துச் சாலைகளில் உப்பு தூவுவார்கள். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் அந்த உப்புத் தண்ணீருக்கு ஒரு சிறிய ரப்பர் உறை தள்ளித்தான் இருக்கிறது.

தண்ணீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நம்மூரில் 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது ஆயிலே இல்லை. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருப்பது கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு, மூடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3க்கு 205, ஈரம் சேர்ந்தபின் 140. மலைப்பாதையில் இறங்கும்போது காலிப்பருக்குள் இருக்கும் திரவம் கொதித்து ஆவியானால், திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம் என்ற எளிய காரணத்தால் பெடல் தரை வரை போய்விடும். அது ஓட்டும்போது வரும் ஆபத்து. நிற்கும்போது அதே ஈரம் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். திரவத்தில் துருத் தடுப்பு மருந்து கலந்திருக்கிறது, ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்று சொல்வது அதனால்தான். காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

'ஆயில்' என்ற பெயர் செய்யும் இன்னொரு கெடுதல் உண்டு. பெயரை நம்பி யாராவது என்ஜின் ஆயிலையோ வேறு மினரல் ஆயிலையோ அதில் ஊற்றிவிட்டால், இந்த வகை பிரேக்கின் ரப்பர் எல்லாம் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். அதற்கப்புறம் பேச்சே இல்லை, ரப்பர் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும். சிலிண்டர் கோக்கும்போது சாதாரண கிரீஸ் தடவுவதும் அதே பாவம்தான். அதற்கென்று சிவப்பு ரப்பர் கிரீஸ் தனியாக விற்கிறது, இல்லாவிட்டால் பிரேக் திரவத்தையே தொட்டுத் தடவினால் போதும். (பிற்காலச் சிட்ரோயன் டிஎஸ் போன்ற கார்கள் மினரல் திரவத்துக்கென்றே செய்தவை, அந்தக் கதை வேறு.)

சரி, பழுது பார்ப்பதா, மாற்றுவதா? விலை, கிடைக்கிறதா, அசல் பாகமா என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்தப் பாகத்தில் ரப்பர் எதன் மேல் உரசுகிறது? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

முன் காலிப்பரை எடுத்துக்கொள்வோம். அதன் ரப்பர் வளையம் காலிப்பர் உடலில் வெட்டிய பள்ளத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, பிஸ்டன்தான் அதன் நடுவே முன்னும் பின்னும் நகர்கிறது. ஆக ரப்பர் உரசுவது பிஸ்டனின் பளபளப்பான வெளிப்பரப்பில். காலிப்பரின் உட்சுவரில் கொஞ்சம் கறையும் சொரசொரப்பும் இருந்தால் பெரிய மோசமில்லை, வளையம் உட்காரும் பள்ளம் சுத்தமாக இருந்தால் போதும். ஐம்பது வருடப் பழைய காலிப்பரைத் தூக்கிப் போடத் தேவையில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது: பிஸ்டன்களை மாற்று, ரப்பர் மாற்று, பள்ளத்தில் சேர்ந்த துருவைச் சுரண்டி எடு, முடிந்தது. பழைய பிஸ்டன்கள் இரும்பின் மேல் குரோம் பூசியவை, தூசி உறைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில் பூச்சு கொப்பளித்துப் போயிருக்கும். இப்போது துருப்பிடிக்காத எஃகிலேயே பிஸ்டன் கிடைக்கிறது, அதைப் போட்டால் அந்த வியாதி திரும்பாது.

அந்தச் சதுர வெட்டு வளையம் செய்கிற இன்னொரு வேலையை நான் ரொம்ப ரசிப்பேன். பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் நகர்ந்தால் வளையம் கொஞ்சம் முறுகும், காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். இந்த டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது, எல்லாம் இந்த ரப்பரின் முறுக்குதான். பள்ளத்துக்குள் துரு சேர்ந்து வளையத்தை நெருக்கினாலோ பிஸ்டன் சொரசொரத்துப் போனாலோ அந்த மயிரிழை கிடைக்காது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். தொடக்கத்தில் சொன்ன கருகல் வாடையின் முதல் சந்தேகப் புள்ளி இதுதான்.

இறுகிய பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் கொடுப்பவர்கள், நடுவில் ஒரு மரக்கட்டை வைக்காமல் கொடுக்கக் கூடாது. அது தோட்டா மாதிரி வரும், விரல் போகும். கிரீஸ் துப்பாக்கியால் மெதுவாகத் தள்ளுவது நிதானமான வழி, அப்புறம் கிரீஸ் ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் கழுவ வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். காலிப்பரின் இரண்டு பாதிகளைப் பிணைக்கும் போல்ட்டுகளைத் தொடாமல் இருப்பது நல்லது. நடுவில் திரவம் கடக்கும் வழிக்குச் சிறிய வளையம் ஒன்று இருக்கிறது, பிரிக்காமலே வேலை முடிந்துவிடும் என்கிறபோது அதை எதற்குக் கிளப்ப வேண்டும்?

பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கதை தலைகீழ். அங்கே ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து நகர்கிறது, உரசுவது சிலிண்டரின் உட்சுவரில். உட்சுவரில் ஒரு குண்டூசித் தலை அளவு குழி இருந்தாலும் புது ரப்பர் அதன் மேல் போய்வந்து கிழியும், திரவம் கசிந்து பிரேக் ஷூவை நனைக்கும். கிட் வாங்கி ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதத்தில் மறுபடியும் டிரம்மைக் கழற்றுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். குழி விழுந்ததைத் தேய்த்து வழவழப்பாக்கலாம் என்றால் உள்விட்டம் பெரிதாகிவிடும், ரப்பர் தளர்ந்துவிடும். எம்ஜிபிக்குப் புதிய வீல் சிலிண்டர் சல்லிசாகவே கிடைக்கிறது, எனவே மாற்றிவிடுவதே புத்தி. அதை டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட் தகட்டில் பிடித்து நிறுத்தும் வளைய கிளிப் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைப் போடுவதற்குள் சாமி கும்பிடாதவர்களும் கும்பிடுவார்கள். ஒரு கை சிலிண்டரை முன்பக்கமிருந்து அழுத்த, இன்னொரு கை பின்னாலிருந்து கிளிப்பைத் தள்ள, மூன்றாவது கை ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வேண்டும். இரண்டு கைக்காரர்கள் சாக்கெட் ஒன்றை வைத்துச் சமமாகத் தட்டி ஏற்றுகிறார்கள்.

பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர் குடும்பம்தான், ரப்பர் உரசுவது உட்சுவரில். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. வருடக்கணக்கில் ஓடிய காரில் ரப்பர் தினமும் போய்வருவது சிலிண்டரின் முதல் பாதியில்தான், ஏனென்றால் யாரும் பெடலைத் தரை வரை மிதிப்பதில்லை. அந்தப் பாதி மெருகேறிக் கண்ணாடி மாதிரி இருக்கும். மீதிப் பாதியில் துருவும் கசடும். திரவத்தில் சிக்கிய காற்றை எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை பத்து இருபது தடவை மிதித்தால், ரப்பர் விளிம்பு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொரசொரப்பின் மேல் போய்க் கிழிந்து திரும்பும். புதுத் திரவம் ஊற்றி, காற்றெடுத்து, எல்லாம் சரியாகச் செய்த அடுத்த வாரமே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பலர், புதுத் திரவத்தைத் திட்டுகிறார்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்து முழு ஆழம் போகாமல் தடுத்தால் போதும்.

கெட்டது மாஸ்டர் சிலிண்டர்தானா என்று தெரிந்துகொள்வதும் கஷ்டமில்லை. என்ஜினை ஓடவிடாமல், பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே திரவம் ரப்பரைத் தாண்டிப் போகிறது. இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் மேலே வருகிறது என்றால் அது வேறு: காற்று இருக்கலாம், அல்லது பின் டிரம்மின் ஷூ சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் தள்ளி நிற்கலாம். பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலை ஒன்று இருக்கும், அதைத் திருகி ஷூ டிரம்மைத் தொடும்வரை கொண்டுபோய்ச் சக்கரம் சுற்றும் அளவுக்குத் திருப்பி விட வேண்டும், ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெடலையும் சிலிண்டரையும் இணைக்கும் தடியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இங்கே சேர்ந்த விஷயம். பெடலை விட்டதும் சிலிண்டருக்குள் ஒரு ஊசித்துளை திறக்கும், சூட்டில் விரியும் திரவம் அதன் வழியே மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். பெடல் 'உடனே பிடிக்கட்டும்' என்று அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் துளை மூடியே கிடக்கும், திரவம் விரிய இடமில்லாமல் நாலு சக்கரமும் தாமாகவே பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும், ஓட ஓட இறுகும்.

அபூர்வமான கார்களுக்கு மாஸ்டர் சிலிண்டர் புதிதாகக் கிடைக்காது, கிடைத்தாலும் நகல். அங்கேதான் ஸ்லீவ் போடுவது கைகொடுக்கிறது. நம்மூர் லேத் பட்டறைகளில் என்ஜின் பிளாக்குக்குச் செய்கிற அதே வித்தைதான்: பழைய சிலிண்டரைக் குடைந்து, துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ குழல் ஒன்றை உள்ளே இறக்கி, பழைய உள்விட்டத்துக்கே மறுபடி கடைந்து விடுவது. உள்விட்டம் மாறவே கூடாது. மாறினால் கால் கொடுக்கும் அழுத்தமும் பெடல் போகும் தூரமும் மாறிப்போகும். அந்த ஊசித்துளையையும் ஸ்லீவில் மறுபடி போட்டு, உள்விளிம்பில் பிசிறு இல்லாமல் மழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் அதில் மாட்டிக் கிழியும். நல்ல கையில் செய்தால் அசல் சிலிண்டரைவிட நீடித்து உழைக்கும், துருப்பிடிக்க அங்கே வார்ப்பிரும்பு இல்லையே.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் விவாதமே வேண்டாம், மாற்ற வேண்டும். எம்ஜிபியில் மூன்றுதான், முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லாமல் நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் உப்பி வழி ஊசி அளவுக்குச் சுருங்கியிருக்கும். கால் கொடுக்கும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஆனால் திரும்பி வரத் திரவத்தைத் தள்ள ஆள் இல்லை, எனவே பிரேக் பிடித்தபடியே நிற்கும். கருகல் வாடையின் இரண்டாவது சந்தேகப் புள்ளி. காலிப்பரா ஹோஸா என்று பிரித்தறிய, பிடித்து நிற்கும் சக்கரத்தின் காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்திப் பாருங்கள்: திரவம் பீய்ச்சியடித்து உடனே சக்கரம் விட்டுவிட்டால் பழி காலிப்பரின் மேல் இல்லை, குறுகிப்போன ஹோஸ்தான் அழுத்தத்தைச் சிறைபிடித்து வைத்திருந்திருக்கிறது, அல்லது அந்த ஊசித்துளை மூடிக்கிடக்கிறது.

இங்கே 'பிரிக்காத பழைய பெட்டி'க்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் செய்து பெட்டியிலேயே இருந்த அசல் பாகத்துக்குப் பழைய கார் சந்தையில் தனி மவுசு. டிஸ்க், இரும்புத் தாங்கி, போல்ட் என்றால் நானும் வாங்குவேன். ரப்பர் என்றால், பெட்டி பிரிக்கவில்லை என்பதால் அதற்கு வயசாகாமல் இருக்காது. ஐம்பது வயது ஹோஸ் ஐம்பது வயது ஹோஸ்தான்.

இரும்புக் குழாய்கள் வெளியிலிருந்து துருப்பிடிப்பவை, பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில், ஈரம் தங்கும் இடத்தில். மாற்றும்போது செம்பு நிக்கல் கலவைக் குழாய் போடுவது நல்லது. வளைக்கச் சுலபம், உள்ளும் புறமும் துருவேறாது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழாயின் முனையை விரிக்கும் முறை இரண்டு விதம், குமிழ் மாதிரி ஒன்று, உள்ளே மடித்த புனல் மாதிரி ஒன்று, எது எங்கே இருந்ததோ அதே மாதிரிதான் போட வேண்டும். மரையில் இன்னும் பெரிய கண்ணி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கார்களின் குழாய் நட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய கார்களில் 10 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. முதலாவது 9.5 மி.மீ. சொச்சம், மரை இடைவெளி 1.06 மி.மீ.; கண்ணால் பார்த்தால் ஒன்றேபோல இருக்கும், பழைய நட் புது மெட்ரிக் துளைக்குள் கையாலேயே ஏறிவிடும், இறுக்கினால் இறுகியது போலவும் தோன்றும். ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது மரை வழித்துக்கொண்டு வெளியே வரும். பழைய பாகத்தையும் நகல் பாகத்தையும் கலந்து பூட்டுகிறவர்கள் மரை அளவியை வைத்துப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட ஏற்றக் கூடாது.

டிஸ்க்கை மாற்றுவது எம்ஜிபியில் இன்றைய கார் மாதிரி இரண்டு ஸ்க்ரூ வேலை இல்லை. டிஸ்க் சக்கர ஹப்பின் பின்னால் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறது, ஹப்பையே கழற்றியாக வேண்டும், கழற்றினால் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் இடைக்குழலும் மெல்லிய ஷிம் தகடுகளும் கையில் வரும். திரும்பப் பூட்டும்போது நட்டை முழுசாக இறுக்கிய பிறகும் ஹப்பில் 2 முதல் 4 ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 0.05 முதல் 0.1 மி.மீ. ஆட்டம் மிச்சமிருக்கும்படி ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ வைக்க வேண்டும். பலருக்கு இதற்குப் பொறுமை இல்லை. ஷிம்மைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைக்கணக்கில் இறுக்குகிறார்கள். இறுகிப்போனால் பேரிங் வேகும். தளர்ந்துபோனால் நடப்பதுதான் சுவாரசியம்: டிஸ்க் லேசாகத் தள்ளாடி பேட்டுகளைப் பின்னால் தட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த தடவை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் சும்மா போகும், காற்று இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காற்றெடுப்பார்கள், போகாது. வளைவில் திரும்பியபின் மட்டும் பெடல் ஆழமாகப் போகிறது என்றால் பேரிங்கைப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஜாகுவார் இ-டைப்காரரின் பாட்டைச் சொன்னால் எம்ஜிபிக்காரருக்கு ஆறுதலாக இருக்கும். 1961இல் வந்த அந்தக் காரில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, காரின் நடுவில், பின்சக்கரங்களுக்கு என்ஜின் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தின் எடை குறைந்தால் கார் மேடுபள்ளத்தில் நன்றாக ஒட்டி ஓடும் என்பது கணக்கு, கணக்கு சரிதான். ஆனால் டிஸ்க்கின் சூடு பக்கத்திலிருக்கும் ஆயில் சீலை வாட்டும், சீல் கசிந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் டிஸ்க்கின் மேலேயே விழும். டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலானவர்கள் பின்பக்கச் சட்டத்தையே, ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் சேர்த்து மொத்தமாக இறக்கிவிடுகிறார்கள். ஒரு முறை இறக்கிவிட்டால் சீல், பேரிங், ஹேண்ட் பிரேக் காலிப்பர், ஹோஸ் எதையும் விட்டுவைக்க மனசு வராது. பின் பேட் மாற்றப் போய்ப் பாதிக் காரைப் புதுப்பித்தவர்கள் அங்கே நிறைய.

ஷூவிலும் பேட்டிலும் உரசித் தேயும் லைனிங் பற்றிச் சுருக்கமாக. பழைய ஷூவிலும் பேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்ததே 1999இல்தான். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது நம்மூர்ப் பட்டறைப் பழக்கம், அதை மறந்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள். புதியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, ஆனால் ரேஸ் பேட் என்று விற்பதை வாங்கிப் போட்டால் சூடேறும்வரை பிடிக்காது. ஆரம்பகால எம்ஜிபியில் காலுக்கு உதவ சர்வோவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு மிருதுவான சாதாரண பேட்தான் பொருத்தம். சர்வோ பூட்டிய காரில் திரவம் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை என்றால் என்ஜினே அதைக் குடிக்கிறது: சர்வோவின் உள் சீல் கிழிந்து, உறிஞ்சுகுழாய் வழியாகத் திரவம் என்ஜினுக்குள் போகிறது.

நிற்கிற காருக்கு ஈரம்தான் எதிரி என்றால் ஈரத்தையே உறிஞ்சாத டாட் 5 சிலிகான் திரவத்தை ஊற்றிவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. கொதிநிலை 260 டிகிரி, பெயின்ட்டில் சிந்தினாலும் உரியாது (கிளைக்கால் திரவம் சிந்தினால் பெயின்ட் தோல் மாதிரி எழும்பும்). நல்லதுதான், ஒரே நிபந்தனை, எல்லா ரப்பரையும் புதிதாக மாற்றிக் குழாய்களைக் காய வைத்த பிறகு ஊற்ற வேண்டும். பழைய திரவத்தோடு அது கலக்காது, உள்ளே வரும் தண்ணீர் அதில் கரையாமல் தனியாகப் பள்ளத்தில் தேங்கும், பெடலும் லேசாகப் பஞ்சு மாதிரி இருக்கும். டாட் 5.1 என்பது பெயரில் மட்டும் பக்கத்து வீடு, அது கிளைக்கால் வகை; இரண்டையும் குழப்பிக் கலந்தவர்கள் உண்டு. நான் டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிற கட்சி.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. எம்ஜிபியின் போட்டியாளரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தபோது அது ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் மெட்ராஸை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்துகொண்டிருந்தது. ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் கர்லிங் கம்பெனியுடையது, கர்லிங் லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்தது, லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டாக 1962இல் தொடங்கியதுதான் சென்னையின் பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா. நம் மெக்கானிக் கடை அலமாரியில் 'டிவிஎஸ் கர்லிங்' என்று நிற்கும் பிரேக் ஆயில் டப்பாவின் பெயர் அந்த வழியில் வந்தது.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு நாளாவது யாரோ ஒருவர் காரை உருளை மேல் ஏற்றி நாலு சக்கரத்தின் பிரேக்கையும் அளந்துகொண்டிருந்தார், இப்போது அந்த ஆளும் இல்லை. விதிவிலக்கு இருந்தாலும் காசு கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம், நான் அதைச் செய்கிறேன்.

எல்லாம் பூட்டி முடித்தபின் காற்றெடுக்கும்போது எவ்வளவு எடுத்தாலும் பெடல் இறுகவில்லை என்றால், முதலில் குனிந்து நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடது காலிப்பரையும் வலதையும் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலே சிக்கிக்கொண்டு வரவே வராது. நிப்பிள் மேலே இருந்தால், காற்றெடுத்து முடித்து, யாரையாவது உட்காரவைத்துப் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். அப்புறம் ஆளில்லாத சாலையில் பத்து மைல், நிதானமாக, அடிக்கடி லேசாக மிதித்து பேட்டை டிஸ்க்கோடு பழக்கிக்கொண்டு. திரும்பி வரும்போது கடைசி அரை மைலில் பிரேக்கைத் தொடாமல் காரை உருளவிட்டு நிறுத்தி, இறங்கி, நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். முன்னால் இரண்டும் ஒரே வெதுவெதுப்பு, பின்னால் இரண்டும் ஒரே வெதுவெதுப்பு என்றால் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். ஒன்று மட்டும் சுட்டால், அந்தப் பக்க ஜாக்கியை இன்னும் உள்ளே எடுத்து வைக்க வேண்டாம்.